தோலுக்கு ஒரு மாத்திரை

ஜூன் 2, திங்கள்

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. மதுரை டாக்டர் ஹஸீனா சொன்னதால் எழுதுகிறேன். "ஒடம்புல என்ன மாறுதுன்னு ஒரு வரியாவது குறிச்சு வைங்க டீச்சர். அடுத்த தடவை நான் கேக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லித் தப்பிக்கக் கூடாது" என்றார். நாலைந்து சந்திப்பிலேயே என்னை அளந்துவிட்டார்.

இன்று குறிக்க வேண்டியது: என் நிறம்.

பள்ளிக்கூடம் திறந்தது. ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் ரெஜினா மேரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். வேதியியல் எடுக்கிறவள், என்னோடு இருபது வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவள். "யாரு, செண்பகமா? லீவு பூரா கொடைக்கானல்லயே குடியிருந்தியா? இப்படி வெளுத்துப் போயி வந்திருக்க!" என்றாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சந்தைக்கு வந்த மாட்டைப் பார்ப்பதுபோல் ஒருத்தி என் கையைத் திருப்பிக்கூடப் பார்த்தாள்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமியார் விளக்கைப் போடச் சொன்னார், பட்டப்பகலில். அந்த நிறம் எனக்கு. நாற்பத்தொன்பது வருடம் கூடவே இருந்தது, மார்ச் மாதத்திலிருந்து மெல்லக் கழன்றுகொண்டிருக்கிறது. எனக்கு ரத்தத்தில் புற்றுநோய். தினமும் ஒரு மஞ்சள் மாத்திரை விழுங்குகிறேன். நோயை அடக்குகிறது, கூடவே என்னை வெளுக்கவும் வைக்கிறது.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் என் கணவர் ஆவுடையப்பனும். இந்த டைரியில் 'இவர்' என்று வந்தால் அது அவர்தான்.

ஜூன் 8, ஞாயிறு

மாவாட்டினேன். கண் இமை வீங்கியிருக்கிறது. கெண்டைக்கால் இரண்டு தடவை இழுத்தது.

ஏன் வெளுக்கிறேன் என்று டாக்டர் சொன்னதை, விலங்கியல் ஆசிரியை என்கிற முறையில் எனக்கே பாடமாக எழுதி வைக்கிறேன். நம் தோலில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு, வாசல் கதவில் அழைப்பு மணி வைத்திருப்பதுபோல. வளர்ச்சிக் காரணி என்கிற புரதம் வந்து அந்த மணியை அழுத்தினால்தான் உள்ளே வேலை நடக்கும். செல் உயிரோடு இருக்கும், பெருகும், நிறத்தைத் தயாரிக்கும். மணி அடிக்காவிட்டால் சும்மா கிடக்கும்.

என் ரத்தத்தில் ஒரு கெட்ட புரதம் ஓயாமல் தானே மணி அடித்துக்கொள்கிறது. அதன் வாயை அடைப்பதுதான் மாத்திரையின் வேலை. ஆனால் நிறமிச் செல்லின் ஏற்பிக்கும் அதே சாயல். திருடனைப் பிடிக்கப் போன போலீஸ், முகஜாடை ஒத்துப்போகிறது என்று அவன் சித்தப்பா மகனையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிய கதை. பாவம், அந்தச் சித்தப்பா மகன் ஒரு தப்பும் செய்யவில்லை. என்னைக் கறுப்பாக வைத்திருந்தான், அவ்வளவுதான்.

ஜூன் 10, செவ்வாய்

சம்பளத்தில் ஒரு புடவை எடுத்தேன். இளம் ரோஜா நிறம். தள்ளுபடியில் கிடைத்தது, அதனால்தான்.

ஜூன் 15, ஞாயிறு

சுடர் இன்று கை வைத்துப் பார்க்க வரவில்லை.

என் ஒரே மகள் சுடர்மதி. வயது இருபத்தைந்து, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் முன்கையை ஒட்டி வைத்துப் பார்ப்போம். யார் கை அதிகம் கறுத்திருக்கிறதோ அவர் வெயிலில் அதிகம் அலைந்தவர், ஜெயித்தவர். தோற்றவர் காபி போட வேண்டும். ஊரெல்லாம் எந்த நிறத்துக்காக எங்களைக் குத்திக் காட்டியதோ, அதற்கு எங்கள் வீட்டில் பரிசு கொடுத்தோம். நான்தான் கண்டுபிடித்த விளையாட்டு, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இன்று அவளே போய்க் காபி போட்டு, என் முன்னால் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். வேலை அதிகமாக இருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

இவருடைய தங்கை பேச்சியம்மாள் வந்தாள். சிவகாசியிலிருந்து சுடருக்கு ஒரு வரன் கொண்டு வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மதினி, என்ன இது! அடையாளமே தெரியலையே. என்ன போடுதீக மூஞ்சிக்கு?"

என்ன சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "தோலுக்கு டாக்டர் ஒரு மாத்திரை தந்திருக்காக பேச்சி. விட்டமின் மாதிரி."

"மாத்திரையில வெளுக்குமா! காலம் எப்படியிருக்கு பாத்தீகளா."

காபித் தட்டோடு நின்றிருந்த சுடர் சிரித்துக்கொண்டே, "எம்மா, எனக்கும் ஒண்ணு தாயேன்" என்றாள். "உனக்கெல்லாம் வேண்டாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

சுடரிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று இவர் இப்போதும் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சொன்னால் அவள் கல்யாணமே வேண்டாம் என்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வெளியே தெரிந்தால் ரத்தத்தில் கேன்சர் இருக்கிற வீடு என்று எந்த வரனும் வாசல்படி மிதிக்காது. இது பரம்பரையாக வருவதில்லை என்று டாக்டர் சொன்னதை நான் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்த முடியுமா? தாலி ஏறுகிற வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஜூலை 13, ஞாயிறு

சிவகாசிக்காரர்கள் வந்தார்கள். கேசரி நன்றாக வந்திருந்தது. நான் ரோஜா நிறப் புடவை கட்டியிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னையும் சுடரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா நல்ல நெறமா இருக்காக. பொண்ணு அப்பாவக் கொண்டு போல" என்றார். இவர் கோதுமை நிறம். இவர் எங்கோ சுவரைப் பார்த்தார். என்னைத்தான் உரித்து வைத்திருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். கேசரியை இன்னொரு தடவை பரிமாறினேன்.

ஜூலை 20, ஞாயிறு

பேச்சி போன் செய்தாள். "ஜாதகம் சேரலன்னு சொல்லுதாக மதினி." கொஞ்சம் கழித்து அவளே, "நெறம் கொஞ்சம் கம்மிங்குறாக" என்றாள்.

சுடர் பக்கத்தில்தான் இருந்தாள். சிரித்தாள். இரண்டு முறுக்கு எடுத்துத் தின்றாள். நல்ல திடமான பெண். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதுரை போய் வந்தோம். ரத்த அளவுகள் இறங்கியிருக்கின்றன. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். மூன்று மாதத்துக்கான மாத்திரையைச் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள்கூட விடக்கூடாது, சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய டம்ளர் தண்ணீரோடு, ஆயுசு முழுக்க விழுங்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல மாத்திரைப் பட்டைகளிலிருந்து எல்லாவற்றையும் பிரித்து, பழைய விட்டமின் டப்பாக்கள் மூன்றில் மாதத்துக்கு ஒன்றாகப் போட்டு, மேலே பஞ்சு வைத்து மூடினேன். பட்டையில் மருந்தின் பெயர் இருக்கிறது. சுடர் செல்போனில் தட்டிப் பார்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். பட்டைகளை இவர் பின்பக்கம் கொண்டுபோய் எரித்தார். டப்பாக்கள் பீரோவின் அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வகுப்புத் தேர்வுத் தாள்கள் திருத்தினேன். சிறுநீரகத்தைக் கேட்டால் இதயத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ரெஜினா வேறு, அந்தத் 'தோல் மாத்திரை'யின் பெயரைக் கேட்டு நச்சரிக்கிறாள்.

சுடர் சாப்பிட்டதும் பெரிய டம்ளரில் தண்ணீர் குடிக்கிறாள், என்னைப் போலவே. நல்ல பழக்கம்.

செப்டம்பர் 3, புதன்

காலையில் சுடரின் கண் இமைகள் வீங்கியிருந்தன. அழுதிருக்கிறாள். சிவகாசி விஷயம் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. கேட்டால், "கம்ப்யூட்டர் பாத்துப் பாத்து இப்படி ஆயிருச்சும்மா" என்கிறாள். வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தேன். நானும் இரண்டு வில்லைகளைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். அம்மாவும் மகளும் இப்படிக் கிடப்பதைப் பார்த்து இவர் சிரித்தார்.

செப்டம்பர் 11, வியாழன்

இட்லி சாப்பிட்டவள் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வெளியில் சாப்பிட்ட பரோட்டா என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுடருக்குக் கால் இழுக்கிறது. கெண்டைக்கால்தான். தைலம் தேய்த்துவிட்டேன். "எனக்கும் இப்படித்தான்ட்டி இழுக்கும்" என்றேன். "தெரியும்மா" என்றாள்.

பரம்பரையாக வராது என்றுதான் டாக்டர் சொன்னார். நான் இரண்டு தடவை கேட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பாடம் எடுக்கும்போது பாதியில் நின்றுவிட்டேன். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று ஒரு மாணவிதான் எடுத்துக் கொடுத்தாள்.

சுடரை ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்குக் கோபப்பட்டாள். இவரிடம் சொன்னேன். இவர் வாசலில் போய் நின்றுகொண்டார். நான் நினைப்பதையேதான் இவரும் நினைக்கிறார். எழுத மாட்டேன். எழுதினால் நிஜமாகிவிடும்போல் இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

பேச்சி வந்திருந்தாள். சுடரின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். "ஏட்டி, உனக்கும் நெறம் வந்துருக்கே! உங்க அம்மைக்கு வந்த மாதிரியே. இப்ப பாரு, அம்மன் செலை கணக்கா இருக்க." தூத்துக்குடியில் ஒரு நல்ல இடம் இருக்கிறதாம். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி வருகிறார்களாம். சுடர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

நானும் சிரித்தேன். நல்ல விஷயம்தான். காலாண்டு லீவு வேறு. அலமாரியெல்லாம் துடைத்தேன்.

அக்டோபர் 4, சனி

இரண்டாவது டப்பா தீர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவதைத் திறந்தேன். பஞ்சை எடுத்தேன். அதன் கீழும் பஞ்சு. அதற்குக் கீழும். அடியில் நாலைந்து மாத்திரை கிடந்தது.

டப்பாவைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளரிக்காய், வாந்தி, கெண்டைக்கால், பெரிய டம்ளர் தண்ணீர், பேச்சி திருப்பிய தாடை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அவளுக்கு என் நோய் இல்லை! அதை மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த நொடி, நோயே இல்லாத உடம்புக்குள் இந்த மருந்து போயிருக்கிறது என்று உறைத்தது.

சுடரைக் கூப்பிட்டேன். டப்பாவைப் பார்த்ததும் பயப்படுவாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை, கோபப்பட்டாள்.

"ஆமா, எடுத்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தேன். நீ மட்டும் வெளுக்கலாம், நான் வெளுக்கக் கூடாதா?"

"என்ன மாத்திரைன்னு தெரியுமாட்டி உனக்கு?"

"நீதான சொன்ன, தோலுக்குன்னு. நான் கேட்டதுக்கு உனக்கெல்லாம் வேண்டாம்னுட்ட. சீலைக்கு அடியில ஒளிச்சு வச்ச. அந்தச் சிவகாசி அம்மா பொண்ணு அப்பாவக் கொண்டுன்னு சொன்னப்ப, காதுல விழாத மாதிரி கேசரி வச்சுக்கிட்டிருந்த." அவள் குரல் உடைந்தது. "நம்ம ரெண்டு பேரும் ஒரே கலர்தானம்மா. ஊரே சொன்னாலும் நீ இருக்கன்னு இருந்தேன். என்னய மட்டும் விட்டுட்டு நீ தனியாப் போயிட்ட."

டப்பாவைக் கட்டிலில் வைத்தேன். "அது கேன்சருக்குள்ள மாத்திரை சுடர். எனக்கு ரத்தத்துல கேன்சர்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். வெளுத்துப்போன அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, குழந்தையில் அழுததுபோல் வாய்விட்டு அழுதாள். காய்கறிப் பையோடு உள்ளே வந்த இவர் பையை வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார்.

அக்டோபர் 6, திங்கள்

மூவருமாக மதுரை போனோம். சுடருக்கு ரத்தம் எடுத்தார்கள். வெள்ளணுக்கள் நன்றாகவே இறங்கியிருக்கின்றன. கல்லீரலும் சிறுநீரகமும் தப்பின. நிறுத்திவிட்டால் சில வாரங்களில் அணுக்கள் ஏறிவிடும், காய்ச்சல் கண்டால் உடனே ஓடி வர வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் சில மாதம் இப்படியே போயிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சுடரை அவர் திட்டவே இல்லை. திட்டு முழுவதும் எனக்கு. "பேரைக் கிழிச்சு எரிச்சிட்டு, இந்த மருந்தைக் கொண்டுபோய் விட்டமின் டப்பாவுல போட்டிருக்கீங்க. நீங்க பயாலஜி டீச்சர்!" தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். பிள்ளையின் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது என்று மறைத்தேன். அந்த மறைப்புதான் அவள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

என் பாடத்தை டாக்டர் சுடருக்கு நடத்தினார். ஏற்பி, வளர்ச்சிக் காரணி, நிறமிச் செல். நல்ல ரத்தத்துக்கும் அந்த ஏற்பி வேண்டும், அதனால்தான் அணுக்கள் இறங்கின என்றார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்குப் பழைய கலர் வந்துருமா?"

"வந்துரும். செல் சாகலை, சும்மா கெடக்கு. மருந்து நின்னா மறுபடியும் வேலைக்குக் கெளம்பிரும்."

"அம்மாவுக்கு எப்ப வரும்?"

டாக்டர் பேனாவை மூடினார். "அம்மாவுக்கு வரக் கூடாதும்மா. வந்தா அவங்க மருந்தை விட்டுட்டாங்கன்னு அர்த்தம்."

அக்டோபர் 12, ஞாயிறு

தூத்துக்குடிக்காரர்கள் வரவில்லை. வரும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று சுடர் ஒரே பிடியாக நின்று, தானே அத்தைக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு என்ன நோய், தன் முகத்துக்கு நிறம் எப்படி வந்தது, இரண்டையும் சொன்னாள். பேச்சி அழுதாள். பிறகு என்னிடம், "என்கிட்டக்கூடச் சொல்லாம இருந்திருக்கீகளே மதினி, நான் என்ன அந்நியமா?" என்று சண்டை பிடித்தாள். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். இனிமேல் யோசிக்க மாட்டார்கள், தெரியும்.

சுடர் நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் துக்கம் தாங்கவில்லை, அடுப்படியில் நின்று அழுதேன்.

அக்டோபர் 13, திங்கள்

ரெஜினாவிடம் சொன்னேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "அந்த மாத்திரை பேரைச் சொல்லு சொல்லுன்னு மூணு மாசமா நச்சரிச்சேனே, பாவி" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்

மதுரை. சுடரின் அணுக்கள் ஏறிவிட்டன. என் அளவும் கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரை இப்போது அதன் பெயரோடு, சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பிட்டதும் சுடர்தான் எடுத்துக் கொடுக்கிறாள். நான் விழுங்கும்வரை நகர மாட்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

வேறு வரன் இன்னும் வரவில்லை. மழை விட்டு இன்றுதான் நல்ல வெயில். மாடியில் சுடர் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வாளியோடு மேலே போன நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் கழுத்து, முழங்கை, புறங்கை எல்லாம் பழையபடி கறுத்துவிட்டது. என் கறுப்பு. கீழே இருந்த இவரைக் கத்திக் கூப்பிட்டேன். என்னவோ ஏதோ என்று ஓடி வந்தவரிடம், "பாருங்க, பிள்ளையப் பாருங்க" என்றேன். இவரும் பார்த்தார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெண் கறுத்ததற்காக இந்த ஊரில் பெற்றவர்கள் இப்படிச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சாயங்காலம் சுடர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சட்டைக் கையை மடக்கிவிட்டு, தன் முன்கையை என் முன்கையோடு ஒட்டி வைத்தாள். எத்தனை மாதங்கள் ஆயிற்று. ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுப்பு குறையவில்லை என்று உறுதி செய்துகொள்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"நான்தான் ஜெயிச்சேன்" என்றாள். "போம்மா, காபி போடு."

எழுந்து போனேன். இனி ஆயுசு முழுக்க நான்தான் காபி போட வேண்டும். போடுகிறேன்.